சோதனையா, சூறையா?

"வண்டியை நிறுத்து! சோதனை!"

இந்தக் குரலைக் கேட்டதும் நம் ஜனங்களுக்கு அடிவயிறு கலங்குகிறது. மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்பார்கள். மடியில் ஒன்றுமே இல்லாதவர்கள்தான் இன்று வழியில் நடுங்குகிறார்கள்.

2025 செப்டம்பர் கடைசியில், திருவண்ணாமலைப் புறவழிச் சாலையில் ஏந்தல் பக்கம், ஆந்திராவிலிருந்து சரக்கு ஏற்றி வந்த ஒரு வண்டியை இரவு ரோந்துப் போலீஸ்காரர்கள் இருவர் நிறுத்தினார்கள். சோதனை என்றார்கள். வண்டியில் வந்த இளம் பெண்ணை இறக்கி, ஒதுக்குப்புறமாகக் கொண்டுபோய்ப் பலாத்காரம் செய்தார்கள் என்பது வழக்கு. இருவரும் கைதானார்கள், உத்தியோகத்திலிருந்தும் நீக்கப்பட்டார்கள். குற்றத்தைப் பற்றி கோர்ட் சொல்ல வேண்டியதை கோர்ட் சொல்லட்டும். நாம் கேட்பது வேறு கேள்வி. நடுராத்திரியில், பெண் போலீஸ் ஒருவர்கூட இல்லாமல், ஒரு பெண்ணைப் பார்த்து "கீழே இறங்கு" என்று சொல்லும் துணிச்சல் காக்கிச் சட்டைக்கு எங்கிருந்து வருகிறது? "சோதனை" என்று சொல்லிவிட்டால் எதிர்த்துக் கேட்க நாதியில்லை என்ற நிச்சயத்திலிருந்து வருகிறது. அந்த நிச்சயத்தைத்தான் உடைக்க வேண்டும்.

அண்ணாமலையார் ஊருக்குப் பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கான ஜனங்கள் கிரிவலம் வருகிறார்கள். கப்பல் போன்ற கார்களில் வருகிறவர்கள் உண்டு. அவர்களுடைய பெட்டிகளை நடுத்தெருவில் கவிழ்த்துப் பார்த்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. கவிழ்க்கப்படுவது யாருடைய மூட்டை? ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வேலை தேடிப் போகும் பழங்குடியின் மூட்டை. ஆரணி அரிசி ஆலையில் நாளெல்லாம் மூட்டை தூக்கிவிட்டு வருகிறவனின் சோற்றுத் தூக்கு. செய்யாறு தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டு முடித்துத் திரும்பும் பெண்ணின் கைப்பை. ஊரில் எங்காவது ஆடு திருடு போனால், முதலில் தட்டப்படுவது இருளர் குடிசையின் படல். மாடி வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன்னால் தொண்டையைக் கனைத்துக்கொள்ளும் அதே போலீஸ், குடிசைப் படலைக் காலால் தள்ளுகிறது.

சட்டம் இப்படித்தான் சொல்கிறதா? இல்லை, தோழர்களே. சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. அதைத் தெரிந்துகொள்ளுங்கள்; தெரிந்துகொண்டால் யாரும் கைது செய்ய முடியாது.

ஒரு வீட்டைச் சோதனை போட வேண்டுமானால் மாஜிஸ்திரேட்டின் வாரண்டு வேண்டும் என்பதே பொது விதி. வாரண்டுக்குப் போனால் காலதாமதமாகும், தடயம் கைநழுவிவிடும் என்று நியாயமான காரணம் இருந்தால், விசாரிக்கும் அதிகாரி வாரண்டு இல்லாமலே நுழையலாம். ஆனால் நுழைவதற்கு முன்னால் அவர் உட்கார்ந்து எழுத வேண்டும். ஏன் நம்புகிறேன், எதைத் தேடுகிறேன் என்று கைப்பட எழுத வேண்டும். 'சந்தேகத்தின் பேரில்' என்று மொட்டையாகச் சொன்னால் போதாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 165-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 185-வது பிரிவு. பெயர் வாயில் நுழையாவிட்டாலும் நம்பரை மறக்காதீர்கள்.

அப்புறம் மகஜர். உள்ளூர்க்காரர்கள் இரண்டு பேராவது சாட்சியாக நிற்க வேண்டும். அவர்கள் கண் முன்னால்தான் சோதனை நடக்க வேண்டும். எடுத்த பொருள் ஒவ்வொன்றையும், எந்த இடத்தில் எடுத்தது என்பதோடு எழுத வேண்டும். வீட்டுக்காரர் கூடவே நின்று பார்க்கலாம். அவரை வெளியே தள்ளக் கூடாது. பட்டியலின் நகலை அவர் கையில் கொடுக்க வேண்டும். பெண்ணின் உடலைச் சோதிக்க வேண்டுமானால் பெண்தான் சோதிக்க வேண்டும், அதுவும் மானம் மரியாதைக்குக் குறைவில்லாமல். இது பழைய 100-வது பிரிவு, புதிய சட்டத்தில் 103.

எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறார்கள்! ஆனால் ஒரு வார்த்தையைக் கவனியுங்கள். சாட்சிகள் "மதிப்புள்ள" ஊர்வாசிகளாக இருக்க வேண்டுமாம். 1898-ல் வெள்ளைக்காரன் எழுதிய சட்டத்தில் இருந்த வார்த்தை இது. 1973-ல் சட்டத்தைத் திருத்தி எழுதியபோது "சுயேச்சையான" என்று ஒரு சொல்லை முன்னால் சேர்த்தார்கள். "மதிப்புள்ள" என்பதைத் தொடவில்லை. 2023-ல் மறுபடி எழுதினார்கள். அப்போதும் அது அப்படியே நிற்கிறது. கிராமத்தில் மதிப்புள்ளவர் என்று போலீஸ் யாரைக் கூப்பிடும்? கூலி கேட்டுச் சங்கம் வைத்தவனையா? எந்தப் பண்ணையாரோடு தகராறோ, அவருடைய ஆளே மகஜரில் முதல் சாட்சி. இரண்டாவது சாட்சி, எந்தக் கேஸிலும் கையெழுத்துப் போடத் தயாராக ஸ்டேஷன் வாசலிலேயே காத்திருப்பவர். வெற்றுக் காகிதத்தில் கையெழுத்து முதலில். பொருளின் பெயர் பிற்பாடு!

இந்த விதிகளை மீறினால் என்ன தண்டனை? இங்கேதான் விஷயம் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள டெல்லிவரை ஒரு நடை போய் வர வேண்டும்.

1953 நவம்பரில் டால்மியா கோஷ்டியின் கம்பெனி ஒன்றில் மோசடி என்று புகார். முப்பத்துநாலு இடங்களில் சோதனை நடந்தது. கணக்குப் புத்தகங்களைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. கோடீஸ்வரர் வீட்டுக் கதவைப் போலீஸ் தட்டினால் சும்மா இருப்பார்களா? நேரே சுப்ரீம் கோர்ட். எட்டு நீதிபதிகள் உட்கார்ந்தார்கள். நாலே மாதத்தில், 1954 மார்ச் 15-ல் தீர்ப்பு வந்தது. அமெரிக்க அரசியல் சட்டத்தின் நான்காவது திருத்தம், காரணமில்லாத சோதனையிலிருந்தும் பறிமுதலிலிருந்தும் ஜனங்களுக்குப் பாதுகாப்பு தருகிறது. அதுபோன்ற அடிப்படை உரிமை எதையும் இந்திய அரசியல் சட்டம் வைக்கவில்லை, இல்லாததை நாங்கள் இழுத்து வந்து நுழைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். முதலாளி தோற்றார் என்று நாம் கைதட்ட முடியுமா? முடியாது. முதலாளிக்குக் கதவு போனால் வக்கீல் பட்டாளம் இருக்கிறது, டெலிபோன் இருக்கிறது, மந்திரி இருக்கிறார். அந்தத் தீர்ப்பின் முழுப் பாரமும் இறங்கியது வக்கீலும் இல்லாத, டெலிபோனும் இல்லாத குடிசையின் மேல்.

இரண்டாவது அடி 1973 டிசம்பரில். வருமான வரிச் சோதனைக்கு ஆளான பூரண்மல் என்பவர் போட்ட வழக்கு. சோதனை சட்டவிரோதமாகவே நடந்திருந்தாலும், அதில் கிடைத்த பொருளைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. அதாவது, சுவர் ஏறிக் குதித்து வந்தாலும், கொண்டு வந்த சரக்கு செல்லும்! அமெரிக்காவில் இதற்கு நேர் எதிர். கிளீவ்லாந்து நகரத்தில் டாலி மாப் என்ற கறுப்பினப் பெண்மணியின் வீட்டுக்குள் போலீஸ் பலவந்தமாக நுழைந்தது. வாரண்டு எங்கே என்று கேட்டதற்கு ஏதோ ஒரு காகிதத்தை ஆட்டிக் காட்டியது. 1961-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், இப்படிப் பிடித்த பொருள் மாகாணக் கோர்ட்டுகளிலும் சாட்சியமாகாது என்று தூக்கி எறிந்தது. அமெரிக்கப் போலீஸ் ஒன்றும் தர்மராஜா இல்லை. கறுப்பு மக்கள் அங்கே படும் பாடு உலகறியும். ஆனாலும் விதியை மீறினால் கேஸ் தோற்கும் என்ற கணக்கு அங்கே ஒன்று இருக்கிறது. இங்கே அந்தக் கணக்கு இல்லை. விதியை மீறும் அதிகாரிக்கு நஷ்டம் எதுவும் இல்லையென்றால் அவர் ஏன் விதியை மதிக்கப் போகிறார்?

இன்னொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். பணக்காரர்கள் நடத்திய வழக்குகளில் கதவு மூடியது. சாமானிய மனிதர்கள் நடத்திய வழக்குகளில் அது கொஞ்சமாவது திறந்தது. ராஜஸ்தானில் ரஹ்மான் என்று புகையிலை பயிரிட்ட ஒருவர். காரணம் எதையும் எழுதி வைக்காமல் அவர் வீட்டைச் சோதிக்க வந்த கலால் அதிகாரிகளைத் தடுத்தார். அரசாங்க ஊழியரைத் தடுத்ததாக வழக்கு. 1950களின் இறுதியில் சுப்ரீம் கோர்ட் சொன்னது: காரணத்தை எழுதுவது கட்டாயம், எழுதாமல் நடத்திய சோதனை சட்டவிரோதம், ரஹ்மானின் விடுதலை செல்லும். உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங். கொள்ளை வழக்கில் பிடித்து, சாட்சியம் இல்லாமல் விட்டுவிட்டார்கள். ஆனால் ராத்திரிக்கு ராத்திரி போலீஸ் வந்து கதவைத் தட்டும், எழுப்பும், இருக்கிறானா என்று பார்க்கும். 1962 டிசம்பரில், இப்படி இரவில் வீடு புகுவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பு வந்தது. அரை நூற்றாண்டு கழிந்து, 2017 ஆகஸ்ட் 24-ல் ஒன்பது நீதிபதிகள் கூடி, அந்தரங்கம் அடிப்படை உரிமைதான் என்றார்கள். டால்மியா வழக்கில் அதற்கு விரோதமாகச் சொன்னதை ரத்து செய்தார்கள். நல்லது. ஆனால் பூரண்மல் வழக்கின் தீர்ப்பைத் தூக்கி எறியவில்லை. உரிமை வந்தது, அதை மீறினால் நஷ்டம் என்பது வரவில்லை.

சரி, விதியை மீறினால் போலீஸுக்கும் அதிகாரிகளுக்கும் நஷ்டம் வந்த கதையே இந்த நாட்டில் கிடையாதா? உண்டு. நமக்குப் பக்கத்திலேயே உண்டு.

திருவண்ணாமலையிலிருந்து தண்டராம்பட்டு, தானிப்பாடி வழியாகப் போனால் அரூர். அரூரைத் தாண்டி சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர். 1992 ஜூன் 20-ந் தேதி அந்த ஊருக்குள் ஒரு படையே நுழைந்தது. வனத்துறையினர் 155 பேர், போலீஸார் 108 பேர், வருவாய்த்துறையினர் 6 பேர். ஆக மொத்தம் 269 பேர். என்ன காரியமாக வந்தார்கள்? சோதனை! சந்தனக் கட்டை பதுக்கியிருக்கிறார்களாம், தேடுகிறார்களாம்.

எப்படித் தேடினார்கள்? ஜனங்களை வீடுகளிலிருந்து இழுத்து வந்து மரத்தடியில் கூட்டி அடித்துத் தேடினார்கள். பதினெட்டுப் பெண்களை ஏரிப் பக்கம் கொண்டுபோய்ச் சீரழித்தார்கள். வீடுகளை இடித்தார்கள். தானியத்தைப் பாழாக்கினார்கள். குடிக்கும் கிணற்றைக் கெடுத்தார்கள். ஆடு கோழிகளை அடித்துத் தின்றார்கள். குழந்தைகளையும் சேர்த்து நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் பிடித்துச் சிறையில் அடைத்தார்கள். ஊர் காலியாயிற்று.

கேட்கிறோம்: ஆட்டையும் கோழியையும் எந்த மகஜரில் எழுதினார்கள்? வீட்டுக்கு வீடு காரணம் எழுதினார்களா? இரண்டு "மதிப்புள்ள" ஊர்வாசிகள் எங்கே நின்றுகொண்டிருந்தார்கள்? பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும் என்ற விதி அன்று எங்கே போயிருந்தது? சட்டப் புத்தகத்தில் அன்றைக்கும் 100 இருந்தது, 165 இருந்தது. ஓர் எழுத்துக்கூடக் குறையவில்லை. இந்தியத் துணைக்கண்டத்தின் சட்டம் முழுவதையும் கொண்டுவந்து வாச்சாத்தி ஏரிக்கரையில் அடுக்கி வைத்திருந்தாலும், கேட்க ஆளில்லாத வரையில், அது அந்தப் பெண்களைக் காப்பாற்றியிருக்காது.

கேட்க ஆள் வந்தபோதுதான் நிலைமை மாறியது. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம் ஊருக்குள் போனது. மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளராக இருந்த தோழர் ஏ. நல்லசிவன் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார், ஹைகோர்ட்டுக்குப் போகச் சொன்னார்கள், போனார். அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்று சர்க்கார் தரப்பு சாதித்தது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் கமிஷனின் தென்மண்டல இயக்குநராக இருந்த பாமதி என்ற அம்மையார் நேரில் போய் விசாரித்து, நடந்தது உண்மைதான் என்று அறிக்கை கொடுத்தார். அரசாங்க உத்தியோகத்தில் இருந்துகொண்டு உண்மையை எழுதியவர் அவர். நம் ஜனங்கள் அவருடைய பெயரை மறக்கக் கூடாது. 1995-ல் சி.பி.ஐ. விசாரணைக்கு ஹைகோர்ட் உத்தரவிட்டது.

எழுத்து வாசனை அதிகம் அறியாத மலைவாழ் பெண்கள், வருஷக்கணக்காகக் கோர்ட் படி ஏறி இறங்கினார்கள். மிரட்டினார்கள், மசியவில்லை. இவர்தான், இவர்தான் என்று கை நீட்டினார்கள். காக்கிச் சட்டைகள் எழுதாமல் விட்ட மகஜரை அவர்கள் நெஞ்சிலே எழுதி வைத்திருந்தார்கள். 2011 செப்டம்பர் 29-ந் தேதி தருமபுரி செஷன்ஸ் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் செத்துப் போயிருந்தார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள்! ஒருவர்கூடத் தப்பவில்லை. வனத்துறையினர் 126, போலீஸார் 84, வருவாய்த்துறையினர் 5. பதினேழு பேருக்குப் பலாத்காரக் குற்றத்துக்காகத் தண்டனை. அப்பீல் போனார்கள். ஹைகோர்ட் நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்தார். செப்டம்பர் 29-ல் தண்டனையை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் என்றும், அன்றைய கலெக்டர், போலீஸ் சூப்பிரண்டு, மாவட்ட வன அதிகாரி மீது நடவடிக்கை என்றும் உத்தரவிட்டார்.

டால்மியாவுக்கு நாலு மாதம். வாச்சாத்திக்கு முதல் தீர்ப்புக்கே பத்தொன்பது வருஷம். அப்பீல் முடிய முப்பத்தொரு வருஷம். இந்தக் கணக்கை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அது அந்தக் காலம், இப்போது மாறிவிட்டது என்று சொல்கிறவர்களுக்கு நம் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. செய்யாறு பக்கம் மேல்மாவில் சிப்காட் விரிவாக்கத்துக்கு விளைநிலத்தைக் கொடுக்க மாட்டோம் என்று விவசாயிகள் நாலு மாதம் உட்கார்ந்து போராடினார்கள். 2023 நவம்பர் 4-ந் தேதி, பொழுது விடியும் முன் போலீஸ் வந்தது. இருபது பேரைக் கைது செய்தது. ஏழு பேர் மேல் குண்டர் சட்டம்! நெல் விளைவிக்கிறவன் குண்டன். நாடு கொதித்தது, சில நாட்களிலேயே ஆறு பேர் மீதான உத்தரவைச் சர்க்கார் வாபஸ் வாங்க நேர்ந்தது. ஆட்சிகள் மாறுகின்றன, கொடிகள் மாறுகின்றன. விடியற்காலையில் தட்டும் கை மட்டும் மாறவில்லை.

புதிய சட்டத்தில் ஒரு பிரிவு நமக்குப் பயன்படக்கூடியது. 105-வது பிரிவு. சோதனையையும் பறிமுதலையும், மகஜர் எழுதிக் கையெழுத்து வாங்குவது வரையில், ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும், செல்போனிலேயே எடுக்கலாம், எடுத்ததைத் தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். இந்தப் பிரிவை எழுதியவர்களின் மற்ற சட்டங்களைப் பற்றி நமக்கு மயக்கம் கிடையாது. ஆனால் கையில் கிடைத்த கம்பை எறிந்துவிட வேண்டாம். "ஐயா, படம் பிடிக்கிறீர்களா?" என்று மரியாதையாகவே கேளுங்கள். தள்ளுமுள்ளு வேண்டாம்; அதைத்தான் அவர்கள் எதிர்பார்க்கிறார்கள், இன்னொரு கேஸ் போட. உடலைத் துழாவி "கஞ்சா இருக்கிறது" என்றால், போதைப்பொருள் சட்டத்தின் 50-வது பிரிவைச் சொல்லுங்கள்: மாஜிஸ்திரேட்டோ, கெஜடெட் அதிகாரியோ முன்னிலையில் என்னைச் சோதியுங்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அந்த உரிமை இருப்பதை அவர்களே முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று 1999-ல் சுப்ரீம் கோர்ட் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்திருக்கிறார்கள். சூரியன் அஸ்தமித்த பிறகு பெண்ணைக் கைது செய்யக் கூடாது. விசேஷக் காரணம் இருந்தால் பெண் அதிகாரி, மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியோடு வர வேண்டும்.

தனி ஆளாக நின்று இதையெல்லாம் கேட்டால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியாதா? "சட்டம் பேசுறியா?" என்று கன்னத்தில் ஓர் அறை விழும். அதனால்தான் சங்கக் கிளை வேண்டும் என்கிறோம். ஒரு வீட்டுப் படலைத் தள்ளும் சத்தம் கேட்டால் நாற்பது வீடுகளிலும் விளக்கு எரிய வேண்டும். நாற்பது பேர் வந்து, ஒரு கல்லைத் தொடாமல், ஒரு கெட்ட வார்த்தை பேசாமல், சும்மா நின்று பார்க்க வேண்டும். மகஜரில் கையெழுத்துப் போட ஊர்க்காரன் வேண்டும் என்கிறது சட்டம். இதோ நாற்பது ஊர்க்காரர்கள்! இவர்களில் யார் மதிப்பில்லாதவர் என்று அந்த அதிகாரி எழுதிக் கொடுக்கட்டும்.

சர்க்காரிடம் நாம் கேட்பது இரண்டே. சட்டவிரோதமாகச் சோதனை போட்டு எடுத்தது கோர்ட்டில் செல்லாது என்று சட்டம் செய். காரணம் எழுதாமல் வீடு புகும் அதிகாரி மீது வழக்குப் போட மேலதிகாரியின் அனுமதிக்குக் காத்திருக்கும் வழக்கத்தை எடு.

அது வரும்வரை இன்றே செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. சோதனைக்கு முன் அதிகாரி எழுதிய காரணத்தின் நகலை, நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பியாக வேண்டும். வீட்டுக்காரர் மனுப் போட்டால் மாஜிஸ்திரேட் அதன் நகலைக் கொடுத்தாக வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதினால் போதும். எழுதத் தெரியாதவர்களுக்குச் சங்க ஆபீஸில் எழுதிக் கொடுப்பார்கள். அந்த நகலுக்குச் சல்லிக்காசு கட்டணம் கிடையாது.